ஓடும் உடம்பின் வெப்பக் கணக்கு

காலை 5 மணி. திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டிய மணவாள நகரில் அந்த நேரத்திலேயே தெரு விழித்துக்கொண்டுவிடும். சென்னைக்குப் போகும் மின்சார ரயிலைப் பிடிக்க ஒரு கூட்டம் விரைந்து நடக்கும். தொழிற்சாலைப் பேருந்துக்காக இன்னொரு கூட்டம் சாலையோரத்தில் சாப்பாட்டுப் பையுடன் காத்து நிற்கும். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. அது நிற்பதும் இல்லை, நடப்பதும் இல்லை, ஓடுகிறது!

இந்த மூன்றாவது கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு வரும் ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்திற்குள் ஓடிக் காட்ட வேண்டும். அதே வேலையைக் கனவு காணும் இரண்டு பெண்களும் வருகிறார்கள். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போகுமுன் ஓடிவிட்டுப் போகும் ஒரு பொருத்துநர் இருக்கிறார். எல்லாருக்கும் கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு வருபவன் ஒருவன் உண்டு. அவன்தான் இந்தக் கட்டுரையை எழுதும் இயற்பியல் ஆசிரியன். நாற்பது வயதைத் தாண்டியதும், "கொஞ்சம் உடம்பை அசையுங்கள்" என்று டாக்டர் சொன்னதன் விளைவு இது.

எங்களில் யாரும் பதக்கம் வாங்கப் போவதில்லை. பயிற்சியாளரும் இல்லை. ஆயினும், சென்ற செப்டம்பரில் ஒருநாள் காலை நடந்த ஒரு நிகழ்ச்சி, வகுப்பறையில் நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஒரு பாடத்தை எனக்கே புதிதாகக் கற்பித்தது.

காவலர் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரமே இருந்தது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அன்று வழக்கமான பனியன் மீது பிளாஸ்டிக் மழைச்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தான். "வேர்வை நல்லா வந்தா உடம்பு சீக்கிரம் இறுகும் சார்" என்றான். முதல் நாள் இரவு அவனுக்கு லேசான காய்ச்சல் இருந்ததாம். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வானம் மூடிக் கிடந்தது, காற்று அசையவில்லை. மூன்று கிலோமீட்டர் வரை அவன்தான் முன்னால் ஓடினான். நான்காவது கிலோமீட்டரில் அவனுடைய கால்கள் சாலையின் ஓரத்துக்கும் நடுவுக்குமாக அலைந்தன. பக்கத்தில் ஓடிய பொருத்துநர், "தம்பி, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். பையன் அவரைத் திரும்பிப் பார்த்து, "பஸ் போயிடுச்சா அண்ணே?" என்றான்.

அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அவனுடைய தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

பிறகு நடந்ததைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை காண்போம். விடியற்காலையில், வெயிலே இல்லாதபோது, நல்ல உடல்வாகுள்ள ஓர் இளைஞனுக்கு உடம்பு எப்படிச் சூடேறும்? அது ஏன் அவனுக்கே தெரியவில்லை?

உடம்பு ஓர் எஞ்சின்

மோட்டார் வண்டி கொஞ்ச தூரம் ஓடியபின் எஞ்சினைத் தொட்டால் சுடுகிறது அல்லவா? பெட்ரோலில் உள்ள ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. பெரும்பகுதி வெப்பமாக வெளியேறிவிடுகிறது. நம் தசையும் அப்படித்தான். நாம் உண்ட சோற்றிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இயக்கமாக மாறுகிறது. மீதி நான்கு பங்கும் வெப்பம்தான்.

தசை எவ்வாறு, எப்போது வெப்பத்தை உண்டாக்குகிறது என்பதைத் துல்லியமாக அளந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில். இந்த ஆய்வுக்காகவே மருத்துவத்துக்கான 1922ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. ஓட்டோ மேயர்ஹாப் அதைப் பகிர்ந்துகொண்டார். ஹில் தாமே ஓட்டத்தில் விருப்பம் உள்ளவர். தம்மையே ஆய்வுப் பொருளாக்கி, ஓடும் மனிதனுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது என்றும் ஆராய்ந்தார்.

இனி நாமே ஒரு கணக்குப் போடுவோம். சமதளத்தில் ஓடும்போது ஒரு கிலோகிராம் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் 1 கிலோ கலோரி செலவாகிறது. நினைவில் வைத்துக்கொள்ள எளிதான எண் இது! ஆகவே 60 கிலோ எடையுள்ள ஒருவர் 5 கிலோமீட்டர் ஓடினால் செலவாகும் ஆற்றல்:

60 × 5 = 300 கிலோ கலோரி.

இதில் ஐந்தில் நான்கு பங்கு வெப்பம் என்றால் 240 கிலோ கலோரி. இந்த வெப்பம் உடம்பைவிட்டு வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடலின் தன் வெப்பம் நீரைவிடச் சற்றுக் குறைவு. கிலோவுக்கு டிகிரிக்கு 0.83 கிலோ கலோரி. ஆகவே 60 கிலோ உடம்பை 1 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 50 கிலோ கலோரி போதும். 240ஐ 50ஆல் வகுத்தால் 4.8 டிகிரி.

37 டிகிரி செல்சியஸில் புறப்பட்டவர் 41.8 டிகிரியில் வந்து சேர்வார்! உடலின் உள்வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டினாலே மூளையின் வேலை தடுமாறத் தொடங்கலாம். அப்படியானால், வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு ஒன்று இல்லாவிட்டால், மனிதனால் 5 கிலோமீட்டர்கூட ஓட முடியாது என்பது தெரிகிறது.

இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். அந்த 5 கிலோமீட்டரை அவர் அரை மணியில் ஓடினால், அவருடைய தசைகள் உண்டாக்கும் வெப்பம் சுமார் 560 வாட். குளிப்பதற்கு வாளியில் வெந்நீர் போடும் 1000 வாட் மின்சுருள் இருக்கிறதே, அதில் பாதிக்கும் மேல்! அதை உடம்புக்குள் வைத்துக்கொண்டுதான் நாங்கள் தினமும் ஓடுகிறோம்.

மண்பானையும் தோலும்

வெப்பம் எப்படி வெளியேறுகிறது? உங்கள் வீட்டு மண்பானையைக் கேளுங்கள், அது சொல்லும்.

பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர், வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைப் பானையிலிருந்தும் அதிலுள்ள நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அதனால் உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. நம் தோலில் உள்ள பல லட்சம் வியர்வைச் சுரப்பிகளும் இதையே செய்கின்றன. தோலின் வெப்பநிலையில் 1 கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 0.58 கிலோ கலோரி வெப்பம் போய்விடும். நம் 240 கிலோ கலோரியை வெளியேற்ற ஏறத்தாழ 400 கிராம் வியர்வை தேவை. இரண்டு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான்!

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த 400 கிராமும் தோலின்மேல் இருந்தபடியே ஆவியாக வேண்டும். நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வை உடம்பைச் சிறிதும் குளிர்விப்பதில்லை. அந்தத் துளி வீணான தண்ணீர். அதனோடு போன உப்பும் வீண்.

இப்போது பிளாஸ்டிக் மழைச்சட்டையை நினைத்துப் பாருங்கள். அதற்குள் இருக்கும் காற்று சில நிமிடங்களிலேயே நீராவியால் தெவிட்டிவிடுகிறது. அதன்பின் வியர்வை ஆவியாக இடமில்லை. உடம்போ, "இன்னும் குளிரவில்லையே" என்று மேலும் மேலும் வியர்வையைச் சுரக்கிறது. சட்டையைக் கழற்றினால் வியர்வை வழிகிறது. தராசில் ஏறி நின்றால் ஒரு கிலோ குறைந்தும் இருக்கிறது. ஆனால் குறைந்தது கொழுப்பு அன்று, தண்ணீர். இரண்டு சொம்பு குடித்தால் எடை திரும்ப வந்துவிடும். வியர்வையின் அளவு பயிற்சியின் அளவைக் காட்டாது. உடம்பு எவ்வளவு திண்டாடுகிறது என்பதைத்தான் காட்டும்.

மழைக்காலத்தில் மண்பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுதி. இதே தொல்லைதான் புழுக்கமான காலையில் ஓடுபவருக்கும் நேர்கிறது. இதை எண்களால் பார்ப்போம்.

வியர்வை எவ்வளவு விரைவில் ஆவியாகும் என்பது இரண்டு ஆவி அழுத்தங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. ஒன்று ஈரமான தோலின்மேல் உள்ள ஆவி அழுத்தம். மற்றொன்று காற்றில் உள்ள ஆவி அழுத்தம். தோல் 35 டிகிரியில் இருந்தால் அங்கே தெவிட்டிய ஆவி அழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசம்.

முதலாவது, விடியற்காலை. காற்றின் வெப்பநிலை 27 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 85 சதவீதம் என்று கொள்வோம். காற்றின் ஆவி அழுத்தம் சுமார் 23 மில்லிமீட்டர். வேறுபாடு 19.

இரண்டாவது, கோடைப் பிற்பகல். வெப்பநிலை 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம். காற்றின் ஆவி அழுத்தம் சுமார் 20 மில்லிமீட்டர். வேறுபாடு 22.

வியப்பாக இருக்கிறதா? வியர்வை ஆவியாவதை மட்டும் பார்த்தால், பிற்பகலைவிட விடியற்காலை ஒன்றும் உயர்ந்ததாக இல்லை! அப்படியானால் மதியம் ஓடலாமா? கூடவே கூடாது. விடியற்காலையில் காற்று தோலைவிட 8 டிகிரி குளிர்ச்சியாக இருப்பதால், வியர்வையின் உதவி இல்லாமலே ஓரளவு வெப்பம் காற்றுக்குப் போகிறது. பிற்பகலிலோ காற்று தோலைவிடச் சூடு. வெப்பம் எதிர்த்திசையில் உடம்புக்குள் வருகிறது. போதாததற்கு வெயிலும், கொதிக்கும் தார்ச் சாலையும் கதிர்வீச்சாக வெப்பத்தைச் சேர்க்கின்றன. கோடையில் திருத்தணியின் வெப்பநிலையைச் செய்தித்தாளில் பார்ப்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதாக, ஸ்காட்லாந்தின் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். அங்கேயும் எங்களைப் போன்ற சாதாரண மக்கள் மாலையிலும் வார இறுதியிலும் கூடி ஓடுகிறார்கள். 12 டிகிரி வெப்பநிலை, 80 சதவீத ஈரப்பதம் என்று கொண்டால் காற்றின் ஆவி அழுத்தம் 8 மில்லிமீட்டர்தான். வேறுபாடு 34! ஈரப்பதம் ஏறத்தாழ நமக்குச் சமமாக இருந்தும் ஏன் இந்த மாற்றம்? குளிர்ந்த காற்று தெவிட்டிய நிலையிலும் மிகக் குறைந்த நீராவியையே கொண்டிருக்கும். அதனால்தான் ஒப்பு ஈரப்பதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உண்மையில் குளிர்நாட்டில் தோலும் சற்றுக் குளிர்ந்துவிடுவதால் இந்த வேறுபாடு கொஞ்சம் குறையும். ஆனால் அங்கே காற்றே பெரும்பகுதி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. குளிர்நாட்டு நூலில், "இன்று இந்த வேகத்தில் இவ்வளவு தூரம்" என்று எழுதியிருப்பதை மணவாள நகரில் அப்படியே பின்பற்ற முடியாது. கால்கள் ஒன்றுதான்; காற்று வேறு.

மெதுவாக ஓடினால் வேகம் வருமா?

7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் வேகம் நொடிக்கு 3.57 மீட்டர். 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 112 நொடி. இது எட்ட முடியாத வேகம் அன்று. ஆனாலும் பலர் தோற்றுப் போகிறார்கள். முதல் சுற்றை 80 நொடியில் ஓடிவிட்டு, மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஏன்? தசையில் உடனடியாகச் செலவழிக்கக் கூடிய ஆற்றல் சில நொடிகளுக்கே போதும். அதன்பின் ஆக்ஸிஜன் இல்லாமலே சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறும் வழி ஒன்று உண்டு. அது விரைவானது, ஆனால் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது. 7 நிமிட ஓட்டத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி ஆக்ஸிஜனைக் கொண்டு எரிப்பதால்தான் கிடைக்கிறது. இந்த மூன்றாவது வழியை வளர்ப்பதே பயிற்சி.

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். மாதக்கணக்கில் ஓடிப் பழகியவரின் இதயம் ஒரு துடிப்புக்கு 100 மில்லிலிட்டர் வெளியேற்றக் கூடும். அவருக்கு அதே 5 லிட்டருக்கு 50 துடிப்புப் போதும். தசையில் இரத்தத் தந்துகிகள் பெருகுகின்றன. ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்களும் பெருகுகின்றன. இந்த மாற்றங்களெல்லாம் வேர்க்க விறுவிறுக்க ஒருநாள் ஓடுவதால் வருவதில்லை. வாரத்தில் பல நாள், பல மாதம், மெதுவாக ஓடுவதால் வருகின்றன. நடுவே ஓரிரு நாள் மட்டும் வேகமாக ஓடினால் போதும்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? அதை அளக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் ஆக்ஸிஜன் போதுமான அளவு கிடைக்கிறது என்று பொருள். ஒற்றைச் சொல்லாகத்தான் பதில் வருகிறது என்றால் வேகம் மிகுந்துவிட்டது. பயிற்சியாளர்கள் உலகெங்கும் கையாளும் சோதனை இது.

வெப்பத்துக்கும் உடம்பு பழகும். புழுக்கத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடிவந்தால், 10 முதல் 14 நாட்களில் வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது. அதிலுள்ள உப்பு குறைகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ராணுவ வீரர் ஜி. லட்சுமணன், 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000 மீட்டர், 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். கடலோர ஒடிசாவின் ஜூலைப் புழுக்கத்தில் அப்படி ஓடுவதற்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். மூன்று வாரத்தில் மழைச்சட்டை போட்டுக்கொண்டு அதைப் பெற முடியாது.

எவ்வளவு பழகினாலும் ஒரு நெருக்கடி தீராது. சூடான நாளில் இதயத்துக்கு இரண்டு எஜமானர்கள். ஆக்ஸிஜன் வேண்டித் தசை இரத்தத்தைக் கேட்கிறது. வெப்பத்தை வெளியே கொண்டுபோகத் தோலும் இரத்தத்தைக் கேட்கிறது. அதனால்தான் அதே வேகத்தில் ஓடினாலும் புழுக்கமான நாளில் நாடித்துடிப்பு ஏறிவிடுகிறது. அன்றைக்கு வேகத்தைக் குறைப்பது கோழைத்தனம் அன்று; அது இயற்பியல். காய்ச்சல் உள்ள நாளில் உடம்பு ஏற்கெனவே தன் வெப்பநிலையை உயர்த்தி வைத்திருக்கிறது. அன்று ஓடவே கூடாது.

சேர்ந்து ஓடுவது எதற்காக?

1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் ரோஜர் பானிஸ்டர் என்னும் மருத்துவ மாணவர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடினார். 4 நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர் அவர். அவருக்கு முன்னால் வேகம் வகுத்துக் கொடுத்தபடி பிராஷர், சாட்டவே என்ற இரு நண்பர்கள் ஓடினார்கள். முன்னால் ஓடுபவர் காற்றின் எதிர்ப்பைத் தடுப்பதால் பின்னால் வருபவருக்கு ஆற்றல் மிச்சமாகும்.

எங்களுக்கும் அந்த லாபம் உண்டா? கணக்குப் பார்த்தேன். நொடிக்கு 3.57 மீட்டர் வேகத்தில் ஓடுபவர்மீது காற்றின் எதிர்ப்பு விசை சுமார் 3 நியூட்டன். அதாவது 300 கிராம் எடை. ஒரு பெரிய மாம்பழத்தின் எடை! பானிஸ்டரின் வேகம் நொடிக்கு 6.7 மீட்டர். விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அவர்மீது இதைப்போல் மூன்றரை மடங்கு விசை இருந்திருக்கும். அவருக்கு அது முக்கியம். எங்கள் ஆமை வேகத்துக்குக் காற்று ஒரு பொருட்டே அன்று.

அப்படியும் உலகெங்கும் சாதாரண மக்கள் கூடித்தான் ஓடுகிறார்கள். 2004இல் லண்டனில் உள்ள புஷி பூங்காவில் 13 பேர் கட்டணம் ஏதுமின்றி 5 கிலோமீட்டர் ஓடினார்கள். அந்த வாராந்தர ஓட்டம் இன்று ஸ்காட்லாந்து உட்படப் பல நாடுகளில் சிற்றூர்தோறும் பரவியிருக்கிறது. சென்னையிலும் பேட்டைக்குப் பேட்டை ஓட்டக் குழுக்கள் உண்டு. தனியாக என்றால் விடியற்காலையில் எழ மனம் வராது. நண்பர் தெருமுனையில் நிற்கிறார் என்றால் எழுந்துவிடுவோம். இது எல்லாருக்கும் தெரிந்த காரணம்.

தெரியாத காரணம் ஒன்றும் உண்டு. எந்தக் கருவி பழுதானாலும் அந்தப் பழுதை அதே கருவியால் கண்டுபிடிக்க முடியாது. கை நடுங்கினால் மூளை அதை அறியும். மூளையே சூடேறிக் குழம்பினால், "நான் குழம்பியிருக்கிறேன்" என்று அறிய வேண்டியதும் அதே மூளைதானே? வெப்பத் தாக்குக்கு உள்ளானவர் பெரும்பாலும் "எனக்கு ஒன்றுமில்லை" என்றே சொல்வார். சிலர் எரிந்து விழுவார்கள், சிலர் தள்ளாடுவார்கள், சிலர் பொருத்தமில்லாமல் பேசுவார்கள். தோல் வறண்டிருக்கும் என்றும் நம்ப வேண்டாம். ஓட்டத்தால் வரும் வெப்பத் தாக்கில் உடம்பு வியர்வையில் நனைந்தே இருக்கக் கூடும். ஆகவே அந்த நேரத்தில் அவருக்கு உதவும் வெப்பமானி ஒன்றுதான். அது பக்கத்தில் ஓடும் நண்பர்.

அன்று நடந்தது

பொருத்துநர் பையனை நிறுத்தியதும், அருகிலிருந்த டீக்கடைத் திண்ணையில் படுக்க வைத்தோம். மழைச்சட்டையைக் கழற்றி எறிந்தோம். கடைக்காரர் தம் தண்ணீர்ப் பீப்பாயையே உருட்டிக்கொண்டு வந்தார். குடம் குடமாக உடம்பு முழுவதும் ஊற்றினோம். இரண்டு பேர் செய்தித்தாளால் விசிறினார்கள். ஒருவர் 108க்குத் தொலைபேசியில் பேசினார். வண்டி வந்து சேரும் வரை ஊற்றுவதை நிறுத்தவில்லை.

முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும். இந்த வரிசையை மறக்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிற வேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வைக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலில் போய்விடும். இங்கே ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு.

பையன் பிழைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் வீடு திரும்பினான். சில வாரங்களுக்கு ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அந்த முறை தேர்வுக்கு அவனால் போக முடியவில்லை. அவனைப் பார்க்கப் போனபோது நான் கேட்டேன்: "அன்னைக்கு ஓடும்போது எப்படிப்பா இருந்தது?" சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "நல்லாத்தான் சார் ஓடிக்கிட்டிருந்தேன். அண்ணன் ஏன் நிறுத்தினார்னுதான் தெரியலை."

இப்போது அவன் மறுபடியும் வருகிறான். மெதுவாக ஓடுகிறான், மழைச்சட்டை இல்லை. குழுவில் புதிதாக யார் சேர்ந்தாலும் அவர் பக்கத்தில் போய் ஓடுகிறான். நடுவழியில் திடீரென்று, "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்கிறான். புதியவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே கிழமையைச் சரியாகச் சொல்லிவிட்டால் அவனும் சிரித்துவிட்டுத் தொடர்ந்து ஓடுகிறான்.

நீங்களே செய்து பாருங்கள்

1. இரண்டு வெப்பமானிகளைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, இரண்டையும் மெல்ல விசிறுங்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு காலையில் எவ்வளவு? மாலையில் எவ்வளவு? மழைக்கு முன் எவ்வளவு? வேறுபாடு மிகக் குறைவாக உள்ள நாளில் வியர்வை எளிதில் ஆவியாகாது. அன்று மெதுவாக ஓடுங்கள்.

2. ஓடுமுன்னும், ஓடியபின் உடம்பைத் துடைத்துவிட்டும் எடை பாருங்கள். அரை கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ அரை லிட்டர் வியர்வை போயிருக்கிறது. உப்புப் போட்ட நீர்மோர் அல்லது கஞ்சி குடித்து ஈடு செய்யுங்கள். எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதும் தவறு. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும்.

3. காலையில் படுக்கையைவிட்டு எழுமுன் ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் ஓடியபின் மீண்டும் எண்ணுங்கள். எத்தனை துடிப்புக் குறைந்திருக்கிறது? ஒரு நாளில் உங்கள் இதயத்துக்கு எத்தனை துடிப்பு மிச்சம் என்று கணக்கிடுங்கள். விடை உங்களை வியக்க வைக்கும்!